திருப்பிப் படுக்க வைக்க ஒரு கை

(மல்லேஸ்வரத்தில் நடைபெற்ற நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இந்த மேடையில் நான் ரேஷன் கார்டைப் பற்றிப் பேசியிருக்கிறேன். குடிசைகளுக்குப் பட்டா கேட்டுப் பேசியிருக்கிறேன். இன்றைக்கு ஒரு கட்டிலைப் பற்றிப் பேசப் போகிறேன். ஆறரை அடி நீளம், மூன்றடி அகலம். அந்தக் கட்டிலில் நான் 46 நாட்கள் கிடந்தேன். அங்கே நான் கண்டதையும், நான் செய்த ஒரு தவறையும் உங்களிடம் சொல்லாமல் இருப்பது நியாயமாகாது.

பல தோழர்களுக்குத் தெரியும், போன ஆண்டு ஸ்கூட்டரிலிருந்து விழுந்து எனக்கு இடுப்பும் தொடையும் முறிந்தது. அறுவை முடிந்தது, எலும்பைச் சேர்த்தாகிவிட்டது. "ஆறு வாரம் காலைத் தரையில் ஊன்றக் கூடாது, வீட்டுக்குப் போகலாம்" என்றார் டாக்டர். வீட்டுக்கு எப்படிப் போவது? என் வீடு இரண்டாவது மாடி. படி குறுகல், லிப்ட் கிடையாது. மனைவி கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகிறவர். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் இரவு ஏழாகும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். பெட்பேன் வைக்கக்கூட வீட்டில் ஆள் இல்லை.

ஆஸ்பத்திரி "போ" என்கிறது; வீடு "வராதே" என்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவிலே மனிதன் எங்கே இருப்பான்? இதுதான் தோழர்களே, இன்றைய கேள்வி.

அப்போது ஒருவர் சொல்லித்தான் இதே மல்லேஸ்வரத்தில், ஒரு கிராஸில், பழைய பங்களாவில் நடக்கிற ஒரு பராமரிப்பு விடுதியில் சேர்ந்தேன். பெயர் சொல்ல மாட்டேன். ஒரு இடத்தைத் திட்டிவிட்டுக் கலைந்து போவதற்காக நாம் இங்கே கூடவில்லை. பி.எஃப். பணத்தில் கடன் வாங்கித்தான் அந்தப் பில்லைக் கட்டினேன். மாதச் சம்பளம் வாங்குகிற எனக்கே இந்தக் கதி என்றால் தினக்கூலிக்காரன் கதி என்ன?

பின் சந்து

மல்லேஸ்வரம் எப்படிப் பிறந்தது என்று நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1898-ஆம் ஆண்டு பெங்களூரில் பிளேக் வந்தது. ஆயிரக்கணக்கில் மக்கள் மாண்டார்கள். நெரிசலான பேட்டையை விட்டு மக்கள் வெளியே போய்க் காற்றோட்டமாக வாழ வேண்டும் என்றுதான் மல்லேஸ்வரமும் பசவனகுடியும் எழுந்தன. அகலத் தெரு, வீட்டைச் சுற்றித் தோட்டம், வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. அந்தச் சந்து எதற்கு? மலம் அள்ளுகிறவர் முன்வாசல் வழியாக வரக்கூடாது என்பதற்காக! நோய்க்குப் பயந்து கட்டிய நகரம், நோயைச் சுத்தம் செய்கிற மனிதனுக்குப் பின் சந்தைக் கொடுத்தது. அந்தச் சந்துகளில் நடந்தவர்கள் தமிழும் தெலுங்கும் பேசிய நம் பாட்டன் பாட்டிகள்.

நான் இருந்த பங்களாவுக்கும் அப்படி ஒரு பின் சந்து உண்டு. நோயாளியின் உறவினர்கள் முன்வாசலில் வருவார்கள். ஆயாக்கள் பின் சந்து வழியாக வருவார்கள். நூற்றிருபத்தைந்து ஆண்டுகள் ஆகியும் சந்து அப்படியே இருக்கிறது.

படுத்தவனுக்குத் தெரிகிற உலகம்

நோயாளியாகக் கிடப்பது என்றால் என்ன? வலி ஒரு பக்கம் இருக்கட்டும். வலிக்கு மாத்திரை உண்டு. காத்திருப்பதற்கு மாத்திரை கிடையாது. சிறுநீர் முட்டும்போது மணியை அழுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். விளக்கை அணைக்க, விழுந்த போர்வையை எடுக்க, மூக்கில் உட்கார்ந்த ஈயை ஓட்டக்கூடச் சிலர் காத்திருந்தார்கள். சங்கத்தில் அதிகாரிகளை நிற்க வைத்துக் கேள்வி கேட்டவன் நான். அந்தக் கட்டிலில், "கொஞ்சம் வாங்கம்மா" என்று கெஞ்சக் கற்றுக்கொண்டேன். மூன்றாவது நாளே, தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். அதிகம் குடித்தால் அதிகம் கூப்பிட வேண்டுமே! எத்தனையோ நோயாளிகள் இப்படித்தான் தண்ணீரைக் குறைத்துக்கொண்டு, அதனாலேயே புது நோயை வரவழைத்துக் கொள்கிறார்கள்.

எங்கள் கூடத்தில் ஆறு கட்டில்கள். என் பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர். பின்னி மில்லில் தறி ஓட்டியவர். மில்லும் மூடியாகிவிட்டது. பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் பாதி போய்விட்டது. பெங்களூரிலேயே ஆயுளைக் கழித்தவர். கன்னடம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் பக்கவாதத்துக்குப் பிறகு மிஞ்சியது சின்ன வயதில் பேசிய தமிழ் மட்டும்தான். அதுவும் குழறலாக. மகன் ஹொசூரில் வேலை, ஞாயிறுதோறும் வருவார்.

அந்தப் பெரியவர் இரவில் முனகுவார். "மு... எரி... மு... எரி..." என்று திரும்பத் திரும்பச் சொல்லுவார். இரவில் இருந்த பையன் ஒடிசாவிலிருந்து வந்தவன். அவனுக்குத் தமிழ் தெரியாது. அவனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எனக்குத் தமிழ் தெரியுமே! நான் என்ன செய்தேன்? தூக்கம் கெடுகிறதே என்று தலையணையைக் காதில் வைத்துக் கொண்டேன். நாலு இரவு இப்படிப் போயிற்று.

ஐந்தாவது நாள் காலையில் உடம்பு துடைக்கும்போது அவரைப் புரட்டினார்கள். இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடியும் இடத்தில், உள்ளங்கை அளவு புண். நடுவிலே கறுத்துப் போயிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. "முதுகு எரியுது" என்றுதான் அந்த மனிதர் நாலு இரவும் சொல்லியிருக்கிறார். அந்தக் கூடத்திலே அது புரிந்திருக்கக் கூடிய ஒரே ஆள் நான். நானும் கேட்கவில்லை.

படுக்கைப் புண் என்பது என்ன? ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் எலும்பு உறுத்துகிற இடத்தில் இரத்த ஓட்டம் நின்று தசை செத்துப் போகிறது. இடுப்பின் அடி, குதிகால், தொடை எலும்பு மேட்டிலே இது வரும். முதலில் தோல் சிவக்கும். அழுத்தினாலும் அந்தச் சிவப்பு மறையாது. அதுதான் எச்சரிக்கை. அப்போதே கவனித்தால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். விட்டால் எலும்புவரை போகும்; இரத்தத்தில் சீழ் ஏறி உயிரையே குடிக்கும். இதற்கு முதல் மருந்து என்ன தெரியுமா? இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைப்பது, ஈரம் படாமல் பார்த்துக் கொள்வது, பருப்பும் முட்டையுமாகச் சாப்பிடக் கொடுப்பது. இதற்கு விலை உயர்ந்த மிஷின் வேண்டாம். கை வேண்டும். திருப்பிப் படுக்க வைக்க ஒரு கை வேண்டும்.

நான் செய்த தவறு

இப்போது என் தவறுக்கு வருகிறேன்.

அந்தப் புண்ணைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் பொங்கியது. சங்கக்காரன் அல்லவா? மேனேஜரைக் கூப்பிட்டேன். "இரவு டியூட்டி யார்? கேட்பாரே இல்லையா?" என்று சத்தம் போட்டேன். காகிதம் கேட்டு வாங்கி, படுத்தபடியே புகார் எழுதினேன். முந்தின இரவுகளில் அந்தப் பையனோடு பொறுப்பில் இருந்தவர் ஒரு ஆயா. அந்த அம்மாள் தன் கடமையைச் செய்யவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மேனேஜருக்கு அது வசதியாகப் போய்விட்டது. ஒரு ஆள் குறைவாக வைத்த முதலாளி தப்பித்தார். மூன்று நாள் சம்பளத்தைப் பிடித்துக் கொண்டு, "இன்னொரு முறை என்றால் நின்று கொள்" என்று அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டார்.

அன்று இரவு அவர் வந்தார். என்னைத் திட்டவில்லை. என் காலுக்குக் கீழே தலையணையைச் சரி செய்தார். பிறகு சொன்னார்: "அண்ணா, நீங்க எழுதினது தப்பில்ல. தாத்தாவுக்குப் புண் வந்தது நெஜம். ஆனா நான் ராத்திரி எத்தனை பேரைப் பார்க்கறேன்னு நீங்க ஒரு வார்த்தை கேட்கலியே."

நான் கேட்டேன். அவர் கோலார் தங்கவயல்காரர். மாரிக்குப்பத்திலிருந்து ரயிலேறி வருகிறவர். நான் ரயில்வே குமாஸ்தா; அந்த வண்டிகளில் வருகிற கூட்டத்தை நான் நன்றாக அறிவேன். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்ட பிறகு, சாம்பியன், கோரமண்டல், ஊர்காம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஏறி, பெங்களூருக்கு வந்து கூலி வேலை செய்துவிட்டுத் திரும்புகிற மக்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் தங்கவயலில் தொழிலாளிக்கென்று பெரிய ஆஸ்பத்திரி இருந்தது. சுரங்கத்தோடு அதுவும் போயிற்று. இந்த அம்மாளின் தகப்பனார் சுரங்கத்தில் வேலை செய்து, கல் தூசு நுரையீரலில் படிந்து, இன்று வீட்டில் படுத்த படுக்கை. இரவெல்லாம் இங்கே ஊரார் தகப்பனைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு, பகலில் போய்த் தன் தகப்பனைத் திருப்பிப் படுக்க வைக்கிறார்.

தோழர்களே, எனக்கு நாக்கு எழவில்லை.

ஒரு குமாஸ்தாவின் கணக்கு

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். அன்று இரவு படுத்தபடியே ஒரு கணக்குப் போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

டியூட்டி இரவு 8 மணியிலிருந்து காலை 8 மணி வரை, 12 மணி நேரம். அந்த அம்மாள் பொறுப்பில் 14 பேர். அதிலே தானாகப் புரள முடியாதவர்கள் 9 பேர். இரண்டு மணிக்கு ஒரு முறை என்றால் ஒருவருக்கு ஓர் இரவில் 6 முறை. 9 பேருக்கு 54 முறை. ஈரத் துணியை மாற்றி, துடைத்து, புரட்டி, தலையணை வைக்கக் குறைந்தது 15 நிமிடம். மொத்தம் 810 நிமிடம். அதாவது பதிமூன்றரை மணி நேரம்!

12 மணி நேர டியூட்டியில் பதிமூன்றரை மணி நேர வேலை. இதிலே மருந்து கொடுப்பதும், மணி அடித்தால் ஓடுவதும், ஒரு வாய் டீ குடிப்பதும் சேரவில்லை. ஒடிசாப் பையன் இருக்கிறானே என்று கேட்பீர்கள். அவன் மாடியையும் சேர்த்துப் பார்ப்பவன். கனமான ஆளைத் தூக்கக் கூப்பிட்டால்தான் வருவான். ஆக, அந்தப் புண்ணை யார் உண்டாக்கியது? ஆயாவா? கணக்கு உண்டாக்கியது! ஆளைக் குறைத்து லாபத்தைக் கூட்டுகிற கணக்கு!

1923-இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினக் கொடி ஏற்றினார். 1974 மே மாதத்தில் ரயில்வேத் தொழிலாளிகள் நாட்டையே நிறுத்தினார்களே, அவர்கள் வைத்த கோரிக்கைகளிலும் எஞ்சின் ஓட்டுகிறவர்களுக்கு 8 மணி நேர வேலை என்பது ஒன்று. எட்டு மணி நேரத்துக்காக இத்தனை பேர் போராடிய நாட்டிலே, நோயாளியைத் தொடுகிற கைக்கு 12 மணி நேரம். சோர்ந்த கை நோயாளியைத் தூக்கும்போது இருவருமே விழுவார்கள். நோயாளியின் உரிமையும் தொழிலாளியின் உரிமையும் ஒரே கட்டிலின் இரண்டு கால்கள். ஒன்றை உடைத்து மற்றொன்றை நிறுத்த முடியாது. இதை மறந்துதான் நான் புகார் எழுதினேன்.

மறுநாள் இரண்டாவது கடிதம் எழுதினேன். அந்தக் கணக்கை அப்படியே எழுதி, நடக்க முடிந்த நோயாளிகளிடமும் உறவினர்களிடமும் 11 கையெழுத்து வாங்கினேன். பெரியவரின் மகன் முதல் கையெழுத்துப் போட்டார். பிடித்த சம்பளம் திரும்ப வந்தது. ஒரு வாரம் கழித்து இரவுக்கு இன்னொரு ஆயா வந்தார். கட்டிலுக்குக் கட்டில், எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திருப்பியது என்று எழுதுகிற அட்டை தொங்கியது. பெரியவர் "எரியுது" என்றால் என்ன, "ஒண்ணுக்கு" என்றால் என்ன என்று ஒடிசாப் பையனுக்கு நான் பத்துச் சொற்கள் கற்றுக் கொடுத்தேன். அவன் ஒரே இரவில் கற்றுக்கொண்டான். நாலு இரவு முன்னாலேயே நான் அதைச் செய்திருக்கலாம்.

அந்தப் பெரியவர் பிழைத்தாரா என்று கேட்பீர்கள். நான் வாக்கர் பிடித்து வெளியே வந்தபோது அவர் இருந்தார். புண் ஓரத்தில் சிவந்த சதை வளரத் தொடங்கியிருந்தது. இரண்டு மாதம் கழித்து, மார்புச் சளியில் காலமானார் என்று மகன் போன் செய்தார். புண்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். புண்ணில்லாமல் அவர் போயிருக்கலாம் என்று மட்டும் சொல்வேன்.

மற்ற இடங்களில் என்ன செய்கிறார்கள்?

ஜெர்மனியில் 1995-இலும், ஜப்பானில் 2000-இலும் நீண்ட காலப் பராமரிப்புக்கென்றே தனி இன்சூரன்ஸ் கொண்டு வந்தார்கள். அமெரிக்காவில் முதியோர் மருத்துவக் காப்பீட்டில், மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தவருக்குத் தேவைப்பட்டால் 100 நாள்வரை இத்தகைய விடுதியில் இருக்க வழி உண்டு. முதல் 20 நாளுக்கு நோயாளி பணம் கட்ட வேண்டியதில்லை. வசதிக்காக நோயாளியைக் கட்டிப் போடக்கூடாது என்று அங்கே 1987-இலேயே சட்டம் போட்டார்கள். அங்கேயும் ஆள் பற்றாக்குறை உண்டு, அழுகை உண்டு. ஆனால் "இது சமுதாயத்தின் பொறுப்பு" என்று சட்டப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள்.

பணக்கார நாடுதானே என்று சொல்லுவீர்கள். பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள்! 1993-இல் கோழிக்கோட்டில் வலி நிவாரணத்துக்கென்று ஒரு சிறு அமைப்பாகத் தொடங்கினார்கள். பிறகு ஊர் ஊராகச் சாதாரண மக்கள் பயிற்சி எடுத்துக்கொண்டு, படுத்திருப்பவரின் வீட்டுக்கே போனார்கள். 2008-இல் அரசே அதைக் கொள்கையாக ஏற்றது. பஞ்சாயத்து நர்ஸ் வீட்டு வாசலுக்கு வருகிறார். தமிழ்நாட்டிலும் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. தொடங்கிய இடம் எது? நம் எல்லைக்கு அந்தப் பக்கம், கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி! சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை மட்டுமல்ல. படுக்கையில் இருப்பவருக்குப் பிசியோதெரபியும் ஆதரவுச் சிகிச்சையும் வீட்டிலேயே கொடுப்பது அத்திட்டத்தில் உண்டு. ஊரிலே அப்பா அம்மா படுத்திருந்தால் அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

பெங்களூரிலேயே, புற்றுநோய் முற்றியவர்களுக்கு 1994-இல் அமைந்த ஹாஸ்பிஸ் டிரஸ்ட்டின் கருணாஷ்ரயா காசு வாங்காமல் பராமரிக்கிறது. காசில்லாமலும் கௌரவமாகக் கவனிக்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

கையில் இருப்பதை விடாதீர்கள்

ஈ.எஸ்.ஐ. உள்ள தோழர்களுக்குச் சொல்கிறேன். சாதாரண நோய் விடுப்புக்குச் சம்பளத்தில் 70 சதம், ஆண்டுக்கு 91 நாள். அதோடு முடிந்தது என்று பலர் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். எழுதாதீர்கள்! பக்கவாதம், புற்றுநோய் முதலான 34 நீண்ட கால நோய்களுக்கு, போதிய சந்தாக் காலம் இருந்தால், 80 சதம் வீதம் இரண்டு ஆண்டுவரை கிடைக்க வழி உண்டு. ஐந்து ஆண்டு சந்தா கட்டி ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டித் தானும் துணைவியும் வைத்தியம் பெறலாம். ஆனால் 2017 ஜனவரியில் வைத்த சம்பள உச்சவரம்பு 21,000 ரூபாய். ஓவர்டைம் இல்லாமலே அதைத் தாண்டுகிற தொழிலாளி இன்று வெளியே நிற்கிறான்.

70 வயது கடந்த எல்லோருக்கும் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை மருத்துவக் காப்பீடு என்று 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. நல்லது. ஆனால் அது ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு. வெளியே வந்த பிறகு 15 நாள் செலவு. பதினாறாவது நாளில் பெட்பேன் யார் வைப்பது? அங்கேதான் நம் குடும்பங்களில் ஒரு பெண் வேலையை விடுகிறாள். ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தை விடுகிறது.

தனியார் விடுதியில் சேர்க்கப் போகிறீர்களா? கர்நாடகத்தில் தனியார் மருத்துவ நிறுவனங்களுக்கு 2007-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு, 2017-இல் திருத்தினார்கள். அந்தச் சட்டத்தில் பதிவு செய்த இடம்தானா என்று முதலில் பாருங்கள். பதிவு செய்த இடம் கட்டணப் பட்டியலை வெளியே மாட்ட வேண்டும். பில் பாக்கி என்று இறந்தவர் உடலை நிறுத்தி வைக்கக் கூடாது. சேர்க்கும் முன்னால் ஐந்து கேள்வி கேளுங்கள். இரவில் ஒரு ஆளுக்கு எத்தனை நோயாளி? திருப்பிப் படுக்க வைத்ததை எழுதுகிற அட்டை உண்டா? டயபர், பஞ்சு, மருந்து எல்லாம் தனிப் பில்லா? எந்த நேரமும் வந்து பார்க்கலாமா? அவர் பேசுகிற மொழி தெரிந்தவர் யார்? போகும்போதெல்லாம் போர்வையை விலக்கி முதுகைப் பாருங்கள், குதிகாலைப் பாருங்கள். ஆயாவிடம் "சாப்பிட்டீங்களாம்மா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். முதியோருக்குக் கொடுமை நடந்தால் 14567 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

நாம் செய்ய வேண்டியது

சம்பிகே ரோட்டில், பழைய ராஜா மில் இருந்த இடத்தில் இன்று மால் நிற்கிறது. அந்த மில்களின் இயந்திரங்களுக்கு எண்ணெய் போட்ட கைகள் இன்று கட்டிலில் கிடக்கின்றன. இந்த நகரத்தைக் கட்டியவனுக்கு இந்த நகரத்தில் நாலு மாதம் படுக்க ஒரு கட்டில் கேட்பது பிச்சையல்ல, பாக்கி வசூல்!

ஆகவே நமது சங்கத்தின் முன்னால் மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன். ஒன்று, கே.சி. ஜெனரல் போன்ற அரசு ஆஸ்பத்திரிகளை ஒட்டி, வீடு திரும்ப முடியாதவர்களுக்கு இலவசப் பராமரிப்புப் பகுதி வேண்டும். இரண்டு, பராமரிப்பு விடுதிகளில் இத்தனை நோயாளிக்கு இத்தனை ஆள் என்று சட்டம் வேண்டும். ஆயாக்களுக்கு 8 மணி நேர வேலையும் ஈ.எஸ்.ஐ.யும் வேண்டும். மூன்று, ஈ.எஸ்.ஐ. உச்சவரம்பை உயர்த்த வேண்டும். கன்னடத் தோழர்களையும், ஒடியா, மலையாளத் தோழர்களையும் சேர்த்துக்கொண்டே இதைக் கேட்போம். படுக்கைப் புண்ணுக்கு மொழி கிடையாது.

அரசு கொடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமையிலிருந்து, நம் பகுதியில் படுத்திருப்பவர்களின் பட்டியல் எடுப்போம். தெருவுக்கு இரண்டு பேர் போதும். ஒரு மணி நேரம் போய் உட்காருங்கள்; புரட்டிப் படுக்க வையுங்கள்; என்ன சொல்லுகிறார் என்று காது கொடுத்துக் கேளுங்கள். பெயர் கொடுக்கிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் கொடுக்கலாம். முதல் பெயராக, மாரிக்குப்பம் வண்டியில் வருகிற அந்த அம்மாள் தன் பெயரைக் கொடுத்திருக்கிறார். பகலில் தகப்பனைப் பார்க்கிறவர், இரவில் வேலைக்குப் போகிறவர், ஞாயிறு ஒரு மணி நேரம் நமக்குப் பயிற்சி கொடுக்க வருகிறேன் என்கிறார்.

அவர் முன்வாசல் வழியாக வருவார். எழுந்து நின்று வரவேற்போம்.